பி.டி. சார் நினைவாக என்ன செய்யலாம்? என் கருத்து



கொஞ்சம் நீளமான பதிவு. காலையில் பாதி, இரவு பாதி என்று படித்தாலும் சரி, முழுதாகப் படித்துவிட்டு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

நம் பழைய மாணவர் குழுவில் மூன்று வாரமாக ஒரே பேச்சு. மறைந்த நம் பி.டி. சார் நினைவாக என்ன செய்வது? இதுவரை சேர்ந்திருப்பது ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். பள்ளி வாசலில் அவர் பெயரில் வளைவு கட்டலாம் என்கிறார்கள் சிலர். மைதானத்தில் மேடை கட்டிக் கல்வெட்டு வைக்கலாம் என்கிறார்கள் 1994 செட் பிள்ளைகள். சிங்கப்பூரில் இருக்கும் ஒரு தம்பி, "சார், அந்தப் பணத்தில் ஒரு ஏ.இ.டி. மெஷின் வாங்கி பஸ் ஸ்டாண்டில் வைக்கலாம்" என்று எழுதினான். அதற்குக் கீழே "அது என்ன மெஷின்?" என்று வரிசையாகக் கேள்விகள். கடைசியில் "அறிவியல் சாரே சொல்லட்டும்" என்று என் பக்கம் தள்ளிவிட்டீர்கள்.

சரி, சொல்கிறேன். முதலில் அன்று நடந்தது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் பலவிதமாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். நான் அன்று ஊரில் இல்லை, பெங்களூருவில் மகள் வீட்டில் இருந்தேன். திரும்பி வந்த பிறகு, அங்கே இருந்த நாலைந்து பேரிடம் தனித்தனியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

அன்று வெள்ளிக்கிழமை. நம் ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையிலேயே கூட்டம். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு ஜோடி ஆடு பார்த்துக் கொடுக்கத் துணையாகப் போயிருக்கிறார் பி.டி. சார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார்.

யாரும் வேடிக்கை பார்க்கவில்லை. இதை முக்கியமாகச் சொல்கிறேன். ஒருவர் தண்ணீர் தெளித்தார். ஒருவர் சோடா உடைத்தார். வலிப்பு என்று நினைத்து ஒருவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். ஒருவர் துண்டால் விசிறினார். இரண்டு பேர் 108-க்குப் போன் போட்டார்கள். வாய் திறந்து திறந்து மூடியதைப் பார்த்து, "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு, ஒண்ணும் ஆகாது" என்று எல்லோரும் தைரியம் சொல்லிக்கொண்டார்கள். பிறகு நான்கு பேர் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். எதிரே வந்த ஆம்புலன்ஸுக்கு வழியில் மாற்றினார்கள். அவர் நெஞ்சில் முதன்முதலாக ஒரு கை வைத்து அழுத்தியது அந்த ஆம்புலன்ஸில்தான். அதற்குள் இருபத்தைந்து நிமிடம் போய்விட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு, அவர் மகன் (அவனும் நம் மாணவன்தான்) என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "சார், அங்க யாராவது ஒருத்தர் நெஞ்சை அமுக்கியிருந்தா அப்பா இருந்திருப்பாரா?" என்று கேட்டான்.

அவனிடம் உண்மையைத்தான் சொன்னேன். "இருந்திருப்பார்னு யாராலும் சொல்ல முடியாதுப்பா. ஆனா ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். அந்த வாய்ப்பு எவ்வளவுன்னு கணக்கு இருக்கு." அந்தக் கணக்கை உங்களுக்கும் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். மாரடைப்பு வேறு, இதயம் நின்றுபோவது வேறு. நம் ஊர் போர் மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயில் அடைப்பு வந்தால் மோட்டார் திணறிக்கொண்டு ஓடும். அது மாரடைப்பு. ஆளுக்கு நினைவு இருக்கும், நெஞ்சு வலிக்கிறது, வியர்க்கிறது, இடது கை இழுக்கிறது என்று சொல்வார். அவர் நெஞ்சை அழுத்தக் கூடாது. உட்கார வைத்து, 108-ஐ அழைத்து, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். தமிழ்நாட்டில் 2023 ஜூன் மாதம் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளை அங்கேயே கொடுத்து, மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள்.

இதயம் நின்றுபோவது என்றால், கரண்ட் கோளாறாகி மோட்டார் தண்ணீர் இறைக்காமல் வெறுமனே அதிர்ந்துகொண்டிருப்பது. இதயம் நடுங்கும், ஆனால் ரத்தத்தைத் தள்ளாது. ஆள் சில விநாடிகளில் விழுந்துவிடுவார். கூப்பிட்டால் பதில் இருக்காது. மூச்சு இருக்காது, அல்லது மீன் கரையில் வாயைத் திறப்பது போல விட்டு விட்டு ஒரு இழுப்பு இருக்கும். அந்த இழுப்பு மூச்சே அல்ல. சந்தையில் எல்லோரையும் ஏமாற்றியது அதுதான். உலகம் முழுக்க மக்களை ஏமாற்றுவதும் அதுதான்.

மாரடைப்பு சில நேரம் இப்படி இதயத்தை நிறுத்திவிடும். நடிகர் விவேக் 2021 ஏப்ரலில் 59 வயதிலும், அதே ஆண்டு அக்டோபர் 29-ல் கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 46 வயதிலும் போனபோது நாம் எல்லோரும் அதிர்ந்தோம். அதன் பிறகு கர்நாடக அரசு புனீத் பெயரிலேயே மாரடைப்பு அவசர சிகிச்சைக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது.

இனி கணக்கு. இதயம் நின்ற பிறகு மூளை தாங்குவது நான்கு முதல் ஆறு நிமிடம். எதுவும் செய்யாமல் விட்டால், ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. பத்து நிமிடத்தில் ஏறக்குறைய எல்லாம் முடிந்துவிடும்.

நம் ஊரை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். 1961-லேயே திறந்த இதய அறுவைச் சிகிச்சை செய்த சி.எம்.சி. நம் மாவட்டத் தலைநகரில்தான் இருக்கிறது. எங்கெங்கோ இருந்து ரயில் ஏறி வருகிறார்கள். பக்கத்தில் வேலூர் இருக்கிறதே என்ற தைரியம் நமக்கு எப்போதும் உண்டு. ஆனால் ஒடுகத்தூரிலிருந்து வேலூர் போக பஸ்ஸில் எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாதவர் யார்? 108 வண்டி 2008 செப்டம்பர் 15 முதல் தமிழ்நாட்டில் ஓடுகிறது. எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. அந்த ஓட்டுநர்கள் பறந்து வந்தாலும் நான்கு நிமிடத்தில் மாதனூர் ரோட்டைக் கடந்து வர முடியுமா? பீஞ்சமந்தை மலைமேல் ஒருவர் விழுந்தால்? 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலை, சாலை இல்லாததால் தாயே சுமந்து நடந்த செய்தியை நாம் யாரும் மறக்கவில்லை.

இது நமக்கு மட்டும் உள்ள கஷ்டம் அல்ல. இங்கிலாந்தில் கால்வாய்ப் படகுகளிலேயே குடியிருக்கும் மக்கள் இருக்கிறார்கள். இரண்டாயிரம் மைல் நீளத்துக்குப் பழைய கால்வாய்களும் ஆறுகளும் அங்கே ஒரே அறக்கட்டளையின் பராமரிப்பில் உள்ளன. இன்று ஒரு கரை, அடுத்த வாரம் வேறு கரை. கதவு எண் இல்லை, தெருப் பெயர் இல்லை, பல இடங்களில் கரைவரை வண்டி வரும் வழியும் இல்லை. அவ்வளவு வசதியான நாட்டிலும் அந்தப் படகில் ஒருவர் விழுந்தால், பக்கத்துப் படகுக்காரர்தான் முதல் டாக்டர். மலைக் கொல்லையில் இருப்பவருக்கும் அதே நிலைதான். தூரமாக இருப்பவர்களுக்கு, பக்கத்தில் நிற்கும் ஆள்தான் சிகிச்சை.

அந்த ஆள் என்ன செய்ய முடியும்? நெஞ்சை அழுத்த முடியும். இதைத்தான் சி.பி.ஆர். என்கிறோம். இது வேத காலத்து வித்தை அல்ல, என்னைவிடச் சில வருடமே மூத்தது. 1958-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் நிக்கர்பாக்கர் என்ற இளம் ஆராய்ச்சியாளர் ஒரு நாயின் மேல் சோதனை செய்துகொண்டிருந்தார். மின் அதிர்ச்சிக்கான கனமான தகடுகளை நெஞ்சில் வைத்து அழுத்தியதுமே, அதிர்ச்சி கொடுக்காமலேயே ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறுவதைக் கவனித்தார். அவரும் கூவன்ஹோவன், ஜூட் என்ற இருவரும் சேர்ந்து 1960-ல் கட்டுரை வெளியிட்டார்கள். நெஞ்சைத் திறக்க வேண்டாம், கருவி வேண்டாம், இரண்டு கை இருந்தால் யாரும் எங்கும் செய்யலாம் என்பதுதான் அதன் சாரம். நெஞ்செலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவே இருக்கும் இதயத்தை அழுத்தி அழுத்தி விட்டால், வழக்கமான ரத்த ஓட்டத்தில் கால் பங்காவது ஓடும். மூளையை உயிரோடு வைத்திருக்க அது போதும்.

செய்முறையை எளிதாக எழுதுகிறேன். இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் பொதுமக்களுக்காக 2017-ல் வெளியிட்ட நெறிமுறையும் வாயில் ஊதாமல் நெஞ்சை மட்டும் அழுத்தும் முறையைத்தான் சொல்கிறது.

ஒன்று. முதலில் உங்களுக்கு ஆபத்து இல்லையா என்று பாருங்கள். கரண்ட் அடித்தவரைத் தொடும் முன் மெயினை அணையுங்கள். தோல் தொழிற்சாலைக் கழிவுத் தொட்டியில் ஒருவர் மயங்கி விழுந்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். உள்ளே இருக்கும் விஷவாயு காப்பாற்றப் போனவரையும் சேர்த்துக் கொல்லும். நம் பகுதியில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டு. இரண்டு தோளையும் தட்டி உரக்கக் கூப்பிடுங்கள். பதில் இல்லையா? பத்து விநாடிக்குள் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். இல்லை, அல்லது விட்டு விட்டு இழுப்புதான் என்றால், இதயம் நின்றுவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று. ஒரு ஆளைக் கை நீட்டிக் காட்டி, "நீ 108-க்குப் போன் போடு" என்று சொல்லுங்கள். "யாராவது போன் போடுங்கப்பா" என்றால் யாரும் போட மாட்டார்கள், அல்லது பத்து பேரும் போடுவார்கள்.

நான்கு. கட்டில் மெத்தையில் அல்ல, கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். நெஞ்சின் நடுவில், நெஞ்செலும்பின் கீழ்ப் பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதி, அதன் மேல் இன்னொரு கை. முழங்கையை மடக்காமல், உங்கள் உடம்பின் எடையால் அழுத்துங்கள். ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, ஆறைத் தாண்ட வேண்டாம். ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலே வர விடுங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாற்றுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை அல்லது அவர் அசையும்வரை நிறுத்தாதீர்கள்.

கிணற்றில், ஏரியில் மூழ்கியவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் மட்டும் மூச்சும் கொடுக்க வேண்டும். முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. அதை நேரில் பயிற்சி எடுத்துத்தான் கற்றுக்கொள்ள முடியும்.

இந்த வேகத்தை எப்படி நினைவில் வைப்பது என்று கேட்பீர்கள். உங்களுக்கு அது ஏற்கெனவே தெரியும். என்.சி.சி. அணிவகுப்பில் விரைவு நடை நிமிடத்துக்கு 120 அடி. சுதந்திர தினத்துக்கு ஒரு மாதம் முன்னாலிருந்து, வெயிலில், விசில் வாயில் வைத்து, "லெஃப்ட்... ரைட்... லெஃப்ட்..." என்று உங்களை நடக்க வைத்தாரே, அந்த வேகம்தான். இருபத்தெட்டு வருடம் அவர் உங்கள் காலில் ஏற்றிவிட்ட தாளம் அது. அதைக் கைக்கு மாற்றினால் போதும்.

இனி உங்கள் பயங்கள். குழுவில் வந்தவற்றை வைத்தே சொல்கிறேன்.

"விலா எலும்பு உடைஞ்சிட்டா?" உடையலாம். வயதானவர்களுக்குப் பல நேரம் உடையும். உடைந்த எலும்பு கூடும். நின்ற இதயம் தானாக ஓடாது.

"போலீஸ், கேஸ் என்று அலைய விட்டால்?" சாலை விபத்தில் உதவுபவர்களைக் காக்க 2019-ன் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவு உண்டு. விபத்து அல்லாத நேரத்திலும், சம்மதம் கேட்க முடியாத நிலையில் இருக்கும் ஒருவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்வது குற்றமாகாது என்று பழைய தண்டனைச் சட்டத்தின் 92-வது பிரிவு சொன்னது. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-வது பிரிவும் அதையே சொல்கிறது.

"பொம்பளையா இருந்தா எப்படி சார் தொடறது?" இதைக் கேட்ட தம்பி கேலிக்குக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். இந்தக் கூச்சம் நம் ஊரில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் பொது இடத்தில் விழுந்த ஆண்களில் 45 சதவீதத்தினருக்கும், பெண்களில் 39 சதவீதத்தினருக்கும்தான் பக்கத்தில் இருந்தவர்கள் சி.பி.ஆர். செய்தார்கள் என்று 2017-ல் ஒரு ஆய்வு காட்டியது. நம் ஊரை நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் டிபன் பாக்ஸோடு கம்பெனி பஸ்ஸுக்காக நிற்பவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள். ஷூ கம்பெனியில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் நம் பிள்ளைகள், நம் மருமகள்கள். புடவையின் மேலேயே அழுத்தலாம். யாரையும் அவிழ்க்க வேண்டியதில்லை. நான்கு பெண்கள் சுற்றி நின்று முந்தானையால் மறைத்துக்கொள்ளலாம். பெண்களே கற்றுக்கொண்டால் இந்தக் கேள்வியே எழாது.

இன்னொன்று. 'தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் பலமாக இருமிக்கொண்டே இருங்கள்' என்று ஒரு செய்தி ஆறு மாதத்துக்கு ஒரு முறை என் போனுக்கு வருகிறது. அனுப்புபவர்களில் என் சொந்தத் தம்பியும் உண்டு. இருமி இதயத்தை ஓட்ட முடியாது. இருமும் நேரத்தில் 108-க்குப் போன் செய்யுங்கள்.

இப்போது மெஷினுக்கு வருகிறேன். ஏ.இ.டி. என்பது ஒரு சின்னப் பெட்டி. நடுங்கும் இதயத்தை ஒரு மின் அதிர்ச்சியால் நிறுத்தி, தானாக ஒழுங்காகத் துடிக்க விடுகிறது. திறந்தால் அதுவே பேசும். ஒரு ஒட்டுத்தகடு வலது காறை எலும்புக்குக் கீழே, மற்றொன்று இடது அக்குளுக்குக் கீழே விலாப்பக்கம். அது வெற்று உடம்பில்தான் ஒட்ட வேண்டும். ஈரமாக இருந்தால் துடைக்க வேண்டும். தாலிச் சங்கிலியைக் கழற்ற வேண்டாம், தகட்டின் மேல் படாமல் ஒதுக்கினால் போதும். இதயத்தின் நிலையை அதுவே பார்த்து, தேவையென்றால் மட்டும் அதிர்ச்சி கொடுக்கும். தேவையில்லாதவருக்குக் கொடுக்காது. தவறாகப் பயன்படுத்திவிடுவோமோ என்ற பயமே வேண்டாம்.

பலன் உண்டா? உண்டு. அமெரிக்காவின் சூதாட்ட விடுதிகளில் காவலாளிகளுக்குப் பயிற்சி கொடுத்து இந்த மெஷின்களை வைத்தார்கள். 2000-ல் வந்த ஆய்வின்படி, இதயம் இப்படி நடுங்கி விழுந்தவர்களில், எல்லோர் கண்ணெதிரே விழுந்து மூன்று நிமிடத்துக்குள் அதிர்ச்சி பெற்றவர்களில் 74 சதவீதம் பேர் பிழைத்தார்கள். மூன்று நிமிடத்தைத் தாண்டியவர்களில் 49 சதவீதம். சிகாகோ விமான நிலையங்களில் இரண்டு வருடத்தில் பிழைத்த 11 பேரில் 6 பேருக்கு மெஷினை இயக்கியவர்கள், அதை அதற்கு முன் பயன்படுத்திப் பயிற்சி இல்லாதவர்கள். அதில் மூன்று பேர் மருத்துவம் படித்தவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் லிஃப்ட் அருகே இந்தப் பெட்டிகள் மாட்டியிருக்கின்றன. 2015 முதல் அங்கே ஒரு செயலியும் உண்டு. பக்கத்தில் யாராவது விழுந்தால், பதிவு செய்துகொண்ட பொதுமக்களின் போனுக்குத் தகவல் வரும். நம் தம்பி அதைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறான். அவன் எண்ணம் நல்ல எண்ணம்.

ஆனால் அந்த எண்ணத்தில் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது. சூதாட்ட விடுதியில் எப்போதும் கண்காணிக்கும் காவலாளி இருக்கிறான். விமான நிலையத்தில் ஒரு நிமிட நடையில் பெட்டி இருக்கிறது. நம் பஸ் ஸ்டாண்டில் வைத்தால், ராத்திரியில் திருட்டுப் போகும் என்று யாராவது ஒருவர் அதை பீரோவில் வைத்துப் பூட்டுவார். சாவி அவர் வீட்டில் இருக்கும். அவர் கல்யாணத்துக்குப் போயிருப்பார். பூட்டிய மெஷின் இல்லாத மெஷின். அதைவிடப் பெரிய விஷயம், இதயம் நின்று விழுபவர்களில் ஏறக்குறைய பத்தில் ஏழு பேர் விழுவது வீட்டில். பஸ் ஸ்டாண்டில் இருக்கும் மெஷின் கொல்லைமேட்டு வீட்டுக்கு ஓடி வராது. கை எல்லா வீட்டிலும் இருக்கிறது. நீங்கள் அழுத்தப்போவது பெரும்பாலும் முன்பின் தெரியாதவரின் நெஞ்சை அல்ல. உங்கள் அப்பாவின், மாமியாரின், கணவரின் நெஞ்சை.

எனவே கை முதலில், மெஷின் பிறகு. இதைக் கற்றுத்தர வேண்டிய இடங்கள் மூன்று என்று நினைக்கிறேன். வீடு ஒன்று. அடுத்தது கம்பெனி. 1948-ன் தொழிற்சாலைகள் சட்டத்தின் 45-வது பிரிவு, 150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, ஒவ்வொரு பெட்டிக்கும் முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஒரு பொறுப்பாளர், 500 பேரைத் தாண்டினால் ஒரு மருத்துவ அறை என்று எழுதி வைத்தது. அப்போது சி.பி.ஆர். என்ற ஒன்றே கிடையாது. சூப்பர்வைசராக, எச்.ஆர். ஆக இருக்கும் என் பிள்ளைகள் நிறைய பேர் இதைப் படிப்பீர்கள். உங்கள் லைனில் அந்தப் பொறுப்பாளர் யார், அவருக்கு நெஞ்சை அழுத்தத் தெரியுமா என்று நாளைக்கு ஒரு கேள்வி கேளுங்கள். கம்பெனி பஸ் டிரைவர்களையும் மறக்காதீர்கள்.

மூன்றாவது, பள்ளி. கால்பந்து பார்க்கும் பிள்ளைகளுக்கு ஞாபகம் இருக்கும். 2021 ஜூன் 12, கோபன்ஹேகனில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் ஆட்டத்தின் நடுவே விழுந்தார். மைதானத்திலேயே நெஞ்சை அழுத்தி, மெஷினால் அதிர்ச்சி கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே மறுபடி ஆட வந்துவிட்டார். அது அவர் அதிர்ஷ்டம் மட்டும் அல்ல, அந்த நாட்டின் பழக்கம். டென்மார்க்கில் 2005-ல் பள்ளிகளிலும், 2006-ல் ஓட்டுநர் உரிமம் எடுப்பவர்களுக்கும் இந்தப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். 2001-ல் விழுந்தவர்களில் 21 சதவீதம் பேருக்குத்தான் பக்கத்தில் இருந்தவர்கள் சி.பி.ஆர். செய்தார்கள். 2010-ல் அது 45 சதவீதம். முப்பது நாள் கழித்தும் உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 3.5 என்பதிலிருந்து 10.8 ஆனார்கள்.

பத்து பேரில் ஒருவர்தானா என்று கேட்காதீர்கள். முன்பு முப்பதில் ஒருவர். பி.டி. சார் மகனிடம் நான் சொன்ன 'வாய்ப்பு' இதுதான். சின்ன வாய்ப்புதான். ஆனால் அதைக் கொடுக்க முடிந்தவர்கள் பக்கத்தில் நின்றவர்கள் மட்டும்தான், டாக்டர்கள் அல்ல. அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்பதுதான் நடந்தது. அன்று சந்தையில் இருந்த யாரையும் இனிமேல் குழுவில் குறை சொல்லி எழுதாதீர்கள். சாவியைத் திணித்தவர் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். அவருக்குத் தெரிந்த உதவியை அவர் ஓடி வந்து செய்தார்.

பள்ளிப் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து வருடத்துக்கு இரண்டு மணி நேரம் போதும் என்ற திட்டத்தை உலக சுகாதார நிறுவனம் 2015-ல் ஆதரித்தது. பன்னிரண்டு வயது என்றால் நம் ஏழாம் வகுப்பு. வருடத்தில் இரண்டு மணி நேரம் என்பது நான்கு பி.டி. பீரியடுக்குக்கூட வராது.

ஆகவே என் கருத்து இது. வளைவு வேண்டாம். கல்வெட்டும் வேண்டாம். அந்தப் பணத்தில் முதலில் பயிற்சிப் பொம்மைகள் வாங்குவோம். தலைமையாசிரியர் அனுமதியோடு ஒவ்வொரு வருடமும் ஏழாம் வகுப்பு முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் பி.டி. சார் பெயரில் இரண்டு மணி நேரப் பயிற்சி. அதே பொம்மைகளை மலைக் கிராமங்களுக்கும் கொண்டுபோவோம்.

மீதிப் பணம் வங்கியில் இருக்கட்டும். மெஷின் ஒரு லட்சத்துக்கு முன்னே பின்னே ஆகும். வாங்கும்போது நான்கு நிபந்தனை. இரவும் பகலும் ஆள் இருக்கும் இடத்தில், பூட்டு இல்லாமல் இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை அதன் விளக்கைப் பார்த்து நோட்டில் கையெழுத்துப் போட ஒரு ஆள் வேண்டும். ஒட்டுத்தகடு ஏறக்குறைய இரண்டு வருடத்திலும், பேட்டரி நாலைந்து வருடத்திலும் மாற்ற வேண்டியிருக்கும், அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும். தமிழில் பேசும் மெஷினாகக் கிடைக்குமா என்று கேட்டு வாங்க வேண்டும். இந்த நான்கும் முடியாது என்றால் வாங்காமல் இருப்பதே மேல்.

முதல் பயிற்சி, வருகிற அக்டோபர் 16-ஐ ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை. அக்டோபர் 16 உலகம் முழுக்க இந்தப் பயிற்சிக்கென்றே கடைப்பிடிக்கும் நாள். வேலூரில் நர்ஸாக இருக்கும் நம் மாணவி இரண்டு தோழிகளோடு வந்து சொல்லித்தருவதாகச் சொல்லியிருக்கிறாள். பொம்மையும் கொண்டு வருகிறாள். காலை பத்து மணி, மதியம் சாப்பாடு உண்டு. பெண்கள் அவசியம் வர வேண்டும். சந்தையில் டீக்கடை வைத்திருப்பவரையும் ஆட்டோ ஸ்டாண்ட் பிள்ளைகளையும் நானே நேரில் போய் அழைத்துவிட்டேன். சாவி கொடுத்தவரையும் அழைத்தேன். முதல் ஆளாக வருவதாகச் சொன்னார்.

வெளியூரில், வெளிநாட்டில் இருப்பவர்கள் அவரவர் ஊரில் கற்றுக்கொண்டு, கற்றுக்கொண்டேன் என்று இங்கே எழுதுங்கள். பணம் அனுப்புவதைவிட அது எனக்குச் சந்தோஷம்.

வருபவர்கள் கீழே பெயர் போடுங்கள், சாப்பாட்டுக்குக் கணக்கு வேண்டும். அதற்கு முன் ஒரு வீட்டுப்பாடம். இன்று இரவு ஒரு கெட்டியான தலையணையைத் தரையில் போட்டு, போனில் இரண்டு நிமிடம் வைத்து, லெஃப்ட் ரைட் வேகத்தில் அழுத்திப் பாருங்கள். இரண்டு நிமிடம் முடியும்வரை கை தாங்கியதா, இல்லை நடுவிலேயே ஓய்ந்துவிட்டதா என்று ஒளிக்காமல் எழுதுங்கள். என் வயது 66. எனக்கு ஒன்றரை நிமிடம்தான் தாங்கியது. அதனால்தான் இரண்டாவது ஆள் வேண்டும் என்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் சார்